வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம்: ஆண்டுக்கு 30,000 டாலருக்குள் மகளுக்குப் பொருந்தும் இடம் கிடைக்குமா?

கேட்டவர்: ராரிட்டன்கரை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் 14 ஆண்டுகளாக வசிக்கிறோம். கிரீன் கார்டு சென்ற ஆண்டுதான் கிடைத்தது. மூத்தவள் பதினொன்றாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். இளையவன் அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே படிக்கிறான். அதாவது இரண்டு ஆண்டுகள் இருவருக்கும் சேர்த்துக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கூட்டரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சாவின் புதிய முறையில் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் படிப்பதற்கென்று கழிவு எதுவும் இல்லை என்பதைப் படித்தபோது எனக்குச் சற்றுக் கலக்கமாகவே இருந்தது. எங்கள் வருமானத்துக்குத் தேவை அடிப்படையிலான உதவி கிடைக்காது. அதே வருமானத்தில் ஆண்டுக்கு 60,000 டாலர் கட்டவும் முடியாது. விடுதி, சாப்பாடு எல்லாம் உட்பட ஒருவருக்கு 30,000 டாலர் என்பதே எங்களால் தாங்கக்கூடிய வரம்பு.

மகளுக்குப் பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ 3.8, எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் மதிப்பெண் 1390. சிவில் பொறியியலா, நிலவியலா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. மலையேற்றத்திலும் பாறைகளிலும் அவளுக்கு இருக்கும் ஈடுபாடு உண்மையானது என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஐந்நூறு பேர் அமரும் விரிவுரைக் கூடத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்கும் இயல்பு அவளிடம் இல்லை. பேராசிரியர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறிய வகுப்பில்தான் அவள் மலர்கிறாள். எங்கள் மாநிலத்தின் ரட்கர்ஸ் நல்ல பல்கலைக்கழகம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் படிப்பதை அவள் விரும்பவில்லை. விடுதியில் தங்கினால் அங்கேயும் ஆண்டுச் செலவு 30,000 டாலரைத் தாண்டிவிடுகிறது.

அவள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் மிச்சிகன், பெர்க்லி, கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் ஆகிய மூன்றும் இருக்கின்றன. மூன்றுமே அரசு நிறுவனங்கள் என்பதால் கட்டணம் குறைவாக இருக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். வெளிமாநிலத்தவருக்கான தொகையைப் பார்த்த பிறகுதான் உண்மை புரிந்தது. பக்கத்து மாநிலங்களுக்கிடையே கட்டணச் சலுகை ஒப்பந்தங்கள் உண்டு என்று சொல்கிறார்களே, அவை எங்களுக்குப் பொருந்துமா? அதிகம் பெயர் தெரியாத பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் பின்னால் வேலைக்குப் பாதகமாகுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: இரு பிள்ளைகளின் தாய்

வணக்கம் ஐயா. என் பிள்ளைகள் இருவரும் வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் என்பதால் இந்தக் கணக்குகளை நான் இருமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒப்பந்தங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது ஏமாற்றம் தரும் செய்தி. மேற்கு மாநிலங்களுக்கு வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் என்ற திட்டம் உண்டு. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் உறுப்பு மாநில மாணவர்கள், அம்மாநிலத்தவர் கட்டுவதில் 150 விழுக்காட்டுக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. நடுமேற்கிலும் ஏறத்தாழ அதே அளவில் ஒரு திட்டம் இருக்கிறது. தென் மாநிலங்களின் அகாடமிக் காமன் மார்க்கெட், தன் மாநிலத்தில் இல்லாத படிப்புக்காக வேறு மாநிலம் செல்பவருக்கு உள்மாநிலக் கட்டணத்தையே தருகிறது. நியூ இங்கிலாந்தின் ஆறு மாநிலங்களும் தங்களுக்குள் ஒரு கட்டணச் சலுகை ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. நியூஜெர்சி இவற்றில் ஒன்றிலும் இல்லை. நியூயார்க்கும் பென்சில்வேனியாவும் இல்லை. நம் தமிழ்க் குடும்பங்கள் இவ்வளவு பேர் வாழும் இந்த மூன்று மாநிலங்களும் எல்லா ஒப்பந்தங்களுக்கும் வெளியே நிற்பது ஒரு விந்தைதான்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஒப்பந்தத்தை அல்ல. வெளிமாநில மாணவரைத் தானாகவே அழைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களை. வெளிமாநில மாணவர் என்றால் முழுக் கட்டணம் கட்டுபவர் என்று கருதும் பல்கலைக்கழகங்கள் ஒரு வகை. விண்ணப்பங்கள் குவிவதால் கழிவு கொடுத்து ஆள் சேர்க்கும் அவசியம் அவற்றுக்கு இல்லை. உங்கள் மகளின் பட்டியலில் இருக்கும் மூன்றும் இந்த வகையைச் சேர்ந்தவை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே 30,000 டாலருக்கு மேல். உங்கள் மொத்த வரவுசெலவும் அந்த ஒரு வரியிலேயே கரைந்துவிடும். மற்றொரு வகை, தன் மாநிலத்தில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளைக் கொண்டு மட்டும் இடங்களை நிரப்ப முடியாதவை, அல்லது நல்ல மதிப்பெண் பெற்றவர்களைத் தொலைவிலிருந்து ஈர்க்க வேண்டும் என்று கொள்கை முடிவு எடுத்தவை. பின்னதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அலபாமா பல்கலைக்கழகம். அங்கே ஜிபிஏவும் தேர்வு மதிப்பெண்ணும் இன்னின்ன அளவில் இருந்தால் இவ்வளவு உதவித்தொகை என்று அட்டவணையே வெளியிட்டிருக்கிறார்கள். கட்டுரை எழுதிக் காத்திருக்க வேண்டிய தேவையில்லாமல், விண்ணப்பிக்கும் முன்னரே தொகை தெரிந்துவிடும். அதன் விளைவாகப் புதுமுக மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிமாநிலத்தவராக இருக்கிறார்கள்.

நியூஜெர்சிக்காரர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஃபிளாக்ஷிப் மேட்ச் திட்டம். 2016ஆம் ஆண்டின் இலையுதிர்ப் பருவத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் இந்தத் திட்டத்தில், அவர்கள் குறிப்பிடும் ஜிபிஏவை எட்டிய மாணவர், தன் சொந்த மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகம் உள்மாநிலத்தவரிடம் வாங்கும் கட்டணத்தையே கட்டினால் போதும். அதாவது மெய்ன் பல்கலைக்கழகம் இருக்கும் ஓரோனோவில் அமர்ந்துகொண்டு ரட்கர்ஸ் கட்டணம் கட்டலாம். அங்கே சிவில் பொறியியலும் இருக்கிறது, புவி அறிவியல் துறையும் இருக்கிறது. விடுதிச் செலவையும் சேர்த்தால் உங்கள் வரம்பை ஒட்டியோ சற்றுத் தாண்டியோ போகலாம் என்பதால் அவ்வாண்டுக்கான எண்களை வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாதது. வட கரோலினா மாநில அரசு என்சி பிராமிஸ் என்ற பெயரில் நான்கு பல்கலைக்கழகங்களின் கல்விக் கட்டணத்தை மானியம் கொடுத்துக் குறைத்திருக்கிறது: உள்மாநிலத்தவருக்குப் பருவத்துக்கு 500 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 2,500 டாலர். அச்சுப் பிழை அல்ல, ஆண்டுக்கு 5,000 டாலர்தான். பிற கட்டணங்களும் விடுதியும் தனி. அந்த நான்கில் மலைப்பகுதியில் இருப்பது வெஸ்டர்ன் கரோலினா பல்கலைக்கழகம். அங்கே பொறியியல் பட்டமும் உண்டு, நிலவியல் பட்டமும் உண்டு; சிவில் பொறியியலுக்கென்று தனிப் பட்டம் உண்டா என்பதை மட்டும் துறைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். மலையேறும் பெண்ணுக்கு அப்பலாச்சியன் மலைத்தொடரே வகுப்பறையாகிவிடும்.

டெக்சாஸில் வேறொரு வழி இருக்கிறது. போட்டி அடிப்படையில் வழங்கப்படும் 1,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட உதவித்தொகை ஒன்றை அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் வழங்கினால், உள்மாநிலக் கட்டணத்தையே வாங்கிக்கொள்ள மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே அங்கே சிறிய தொகைக்கான கடிதம் வந்தாலும் அலட்சியம் செய்ய வேண்டாம். அந்த ஆயிரத்தின் மதிப்பு பல ஆயிரமாக இருக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தை மட்டும் இதற்காக நம்ப வேண்டாம். அங்கே புதுமுக இடங்களில் 90 விழுக்காடு டெக்சாஸ் மாணவர்களுக்கே போய்விடுகிறது.

பெயர் தெரியாத பல்கலைக்கழகம் என்ற கவலை எனக்கும் இருந்தது. கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ யாராவது கேட்டால் ஒரே மூச்சில் சொல்லும்படி ஒரு பெயர் வேண்டும் என்ற ஆசை நமக்கெல்லாம் உள்ளூர இருக்கிறது. அந்த ஆசைக்காக எத்தனை ஆயிரம் டாலர் கொடுக்கத் தயார் என்று ஒருமுறை நானும் என் கணவரும் தாளில் எழுதிப் பார்த்தோம். எழுதிய பிறகு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

மறுமொழி 2: மலையடிவாரம்

வணக்கம் ஐயா. நான் மேற்கு மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவியாகச் சேர்ந்து நிலவியல்சார் பொறியியல் முடித்து, இப்போது அடித்தள மண் ஆய்வு செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறேன். உங்கள் மகளின் குழப்பம் எனக்கு மிகவும் பழக்கமானது என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

சிவிலா நிலவியலா என்று தெரியாதவருக்கு, இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பது மட்டும் போதாது; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடிகிறதா என்பதே முதன்மையான கேள்வி. பல பெரிய பல்கலைக்கழகங்களில் பொறியியல் தனிக் கல்லூரியாக இயங்குகிறது. அறிவியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பின்னர் பொறியியலுக்கு மாற வேண்டுமானால் இடமும் ஜிபிஏவும் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியலில் சேர்பவர்கள் அனைவரும் முதலாண்டைப் பொதுவாகப் படித்துவிட்டு அதன் பிறகே துறைக்குள் நுழைகிறார்கள். அங்கே 2012–13 முதல் கல்விக் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருந்தாலும், வெளிமாநிலத்தவருக்கான அடிப்படைக் கட்டணமே 28,794 டாலர் என்பதால் உங்கள் வரம்புக்குள் அடங்காது. ஆகவே விண்ணப்பிக்கும் ஒவ்வோர் இடத்திலும், பொறியியலில் சேர்ந்து நிலவியலுக்கு மாறுவது எப்படி, நிலவியலில் சேர்ந்து பொறியியலுக்கு மாறுவது எப்படி என்று இரு திசையிலும் கேளுங்கள். முதல் திசை பெரும்பாலும் திறந்த கதவு, இரண்டாவது அப்படியல்ல. உறுதியாகத் தெரியாத நிலையில் பொறியியலில் சேர்வதே பாதுகாப்பானது.

இரண்டுக்கும் நடுவே நிலவியல்சார் பொறியியல் என்ற துறை இருப்பதை அவரிடம் சொன்னீர்களா? சரிவுகள், சுரங்கப்பாதைகள், அணைகளின் அடித்தளம், நிலத்தடி நீர் ஆகியவை எல்லாம் அதற்குள் வரும். கொலராடோவில் அது இருக்கிறது என்பதால்தான் அந்தப் பெயர் பட்டியலில் ஏறியிருக்கும் என்று ஊகிக்கிறேன். அதே துறை தெற்கு டகோட்டாவின் ரேபிட் சிட்டியில் உள்ள சவுத் டகோட்டா மைன்ஸிலும் இருக்கிறது. 1885இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. வெளிமாநிலத்தவருக்கும் கல்விக் கட்டணமும் பிற கட்டணங்களும் சேர்ந்து 20,000 டாலருக்குள் அடங்குகின்றன. மாணவர் எண்ணிக்கை சில ஆயிரம் மட்டுமே, வாசலிலேயே பிளாக் ஹில்ஸ் மலைகள். மிசூரியின் ரோலா நகரில் உள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான மிசூரி எஸ் அண்ட் டியும் இந்தத் துறையை நடத்துகிறது. வேலை கொடுப்பவர்கள் எங்கள் துறையில் முதலில் பார்ப்பது, பட்டத்துக்குப் பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் ஏபெட் அமைப்பின் அங்கீகாரம் உண்டா, பொறியாளர் உரிமத்துக்கான முதல் தேர்வான எஃப்இ முடித்தாயிற்றா, கோடையில் எங்கே பயிற்சி எடுத்தாய் என்பவற்றைத்தான். உரிமம் பெற்ற பொறியாளராகும் வழியில் அங்கீகாரம் இல்லாத பட்டம்தான் தடையாக நிற்குமே தவிர, புகழ் குறைந்த பெயர் அல்ல.

இனி, பணத்தைப் பற்றி நான் பட்டு அறிந்தது. எனக்குக் கிடைத்த உதவித்தொகை ஒவ்வோர் ஆண்டும் 3.5 ஜிபிஏ இருந்தால் மட்டுமே தொடரும் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. பள்ளியில் 3.9 வாங்கியவள் என்ற துணிச்சலில் நானும் என் பெற்றோரும் அந்த வரியைக் கடந்து போய்விட்டோம். முதலாண்டில் கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றும் ஒன்றாக வந்தபோது 3.41இல் நின்றேன். உதவித்தொகை நின்றது; அப்பா வீட்டுக் கடனை மறுபடியும் மாற்றி அமைத்தார். 3.0 கேட்கும் பல்கலைக்கழகங்களும் பல உண்டு. ஆகவே பொறியியல் மாணவரைப் பொறுத்தவரை, 3.5 கேட்கும் 18,000 டாலரைவிட 3.0 கேட்கும் 15,000 டாலரே எனக்குப் பெரிய தொகையாகத் தெரிகிறது. ஒருமுறை இழந்தால் மீட்க வழி உண்டா, பருவந்தோறும் பார்ப்பார்களா ஆண்டிறுதியில் மட்டுமா, ஒன்பதாவது பருவம் தேவைப்பட்டால் தருவார்களா என்பவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நிலவியல் பட்டத்தின் செலவுப் பட்டியலில் காணப்படாத ஒன்று, கோடைக்காலக் கள முகாம். பெரும்பாலான துறைகளில் அது கட்டாயம். ஐந்தாறு வாரம் நடக்கும். அதற்கான சில ஆயிரம் டாலரைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டையும் பாருங்கள். பெற்றோரின் திட்டம் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் மருத்துவர்களோடு மட்டும் கட்டுப்பட்டதாக இருந்தால், வெளிமாநிலத்தில் அவசர சிகிச்சை தவிர வேறெதற்கும் அது உதவாது, பல்கலைக்கழகக் காப்பீட்டையே வாங்கும்படி ஆகிவிடும். என் நண்பர்கள் பலருக்கு அந்த ரசீது வந்த பிறகுதான் தெரிந்தது.

மறுமொழி 3: கொலராடோ தந்தை

இடையில் ஒரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் இன்னும் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், மகன் எங்களைச் சார்ந்த எச்-4 விசாவில். மேற்கு மாநிலங்களின் 150 விழுக்காட்டுத் திட்டம் அவனுக்குக் கிடைக்குமா?

மறுமொழி 4: இரு பிள்ளைகளின் தாய்

ஃபாஃப்சா வழியாகக் கிடைக்கும் கூட்டரசின் உதவித்தொகையோ கடனோ எச்-4இல் இருப்பவருக்குக் கிடையாது, அதில் ஐயமில்லை. நீங்கள் கேட்ட 150 விழுக்காட்டுத் திட்டத்திலும், மதிப்பெண்ணை வைத்துத் தரும் தகுதி உதவித்தொகையிலும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி வேறுபடுகிறது. சிலர் அமெரிக்கப் பள்ளியில் படித்ததை வைத்து உள்நாட்டு மாணவராகவே கருதுவார்கள். சிலர் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். மகனுக்கு 21 வயது நிறைந்ததும் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது கட்டண வகையும் உதவித்தொகையும் மாறுமா என்பதை இப்போதே கேட்பது நல்லது. மூன்றாம் ஆண்டில் அதைத் தெரிந்துகொண்டு தவித்த குடும்பத்தை நான் அறிவேன்.

மறுமொழி 5: எண்கணக்கன்

மேலே சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். வெளிமாநிலம் என்று முடிவு கட்டிவிட்டு அதற்குள் மலிவானதைத் தேடுகிறீர்கள். ரட்கர்ஸின் நான்காண்டு மொத்தத் தொகையை ஒரு தாளின் தலைப்பில் எழுதிவைத்து, பணத்திலோ பொருத்தத்திலோ அதைத் தெளிவாக வெல்லும் இடத்தை மட்டுமே பட்டியலில் சேர்ப்பதுதான் முறை. அதன் நியூ பிரன்சுவிக் வளாகத்தில் சிவில் பொறியியலும் இருக்கிறது, புவி அறிவியல் துறையும் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தின் சிறிய துறையில் இரண்டாம் ஆண்டு முதல் வகுப்புகள் சிறியனவாகவே இருக்கும். ஐந்நூறு பேர் கூடம் என்பது முதலாண்டு வேதியியலோடு முடிந்துபோகும் கதை. அரை மணி நேரத் தொலைவுதான் குறையென்றால், அதற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதை மகளும் சேர்ந்து பார்க்கட்டும்.

முதலாண்டு எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். உதவித்தொகை பெரும்பாலும் டாலரில் நிலையானது. கட்டணம் நிலையானது அல்ல. ஒரு பேச்சுக்குக் கட்டணம் 32,000, உதவித்தொகை 20,000 என்று கொள்ளுங்கள். முதலாண்டில் நீங்கள் கட்டுவது 12,000. கட்டணம் ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறினால் நான்காம் ஆண்டில் அது ஏறத்தாழ 36,000 ஆகும். உங்கள் பங்கு 16,000. அவர்கள் ஏற்றியது ஆண்டுக்கு நான்கு விழுக்காடாகத்தான், உங்கள் பங்கு ஏறியது மூன்றில் ஒரு பங்கு. நான்காண்டில் 48,000 என்று நினைத்தது 56,000 டாலரை நெருங்கிவிடும். சேரும் ஆண்டின் கட்டணத்தை நான்கு ஆண்டுகளுக்கும் மாற்றாமல் வைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அவற்றில் இந்தக் கவலை இல்லை.

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். எஃப் பிரிவில் வெளிமாநில மாணவர் விழுக்காடு இருக்கும். எச் பிரிவில், பணத்தேவை இல்லாதபோதும் உதவித்தொகை பெற்றவர் எத்தனை பேர், சராசரித் தொகை எவ்வளவு என்பவை இருக்கும். பி பிரிவில் முதலாண்டு முடிந்து திரும்பி வந்தவர்களின் விழுக்காடும், ஐ பிரிவில் வகுப்புகளின் அளவும் இருக்கும். எச் பிரிவின் எண் எல்லா மாணவருக்கும் பொதுவானது, வெளிமாநிலத்தவருக்கென்று பிரித்துக் காட்டுவதில்லை. எனினும் எஃப் பிரிவோடு சேர்த்துப் படித்தால், அந்த இடம் முதல் மறுமொழியில் சொன்ன இரு வகைகளில் எதைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும் இருக்கும், உதவி போகக் கட்ட வேண்டியதைக் காட்டும் நிகரச் செலவுக் கணிப்பானையும் பயன்படுத்துங்கள். வெளிமாநிலம் என்று குறிப்பிட இடம் இருக்கிறதா, தகுதி உதவித்தொகையைச் சேர்க்கிறதா என்று பார்த்த பிறகே அதன் விடையை நம்புங்கள்.

ஓராண்டு படித்துவிட்டு அந்த மாநிலத்தவராக மாறிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலான மாநிலங்களில் பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவரின் வசிப்பிடம் பெற்றோர் இருக்கும் இடமே. படிப்பதற்காக வந்து தங்கிய காலம் கணக்கில் சேராது. மிசூரி ஒரு விதிவிலக்கு. ஓராண்டு அங்கேயே வாழ்ந்து, குறிப்பிட்ட தொகையை அம்மாநிலத்தில் சம்பாதித்து, வரித் தாக்கல் செய்யும் மாணவருக்கு அங்கே வழி இருக்கிறது. ரோலாவைப் பார்ப்பதாக இருந்தால் இதையும் விசாரியுங்கள். மற்ற இடங்களில் நான்கு ஆண்டுகளும் வெளிமாநிலக் கணக்கே என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

கடனைப் பொறுத்தவரை, கிரீன் கார்டு இருப்பதால் மகள் பெயரில் கூட்டரசுக் கடன் கிடைக்கும்: முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500, அடுத்த இரண்டாண்டும் 7,500 வீதம், ஆக மொத்தம் 27,000 டாலர். பெற்றோருக்கான பிளஸ் கடனில் முன்பு இருந்த தாராளம் இனி இல்லை. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்குப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தமாக 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. இளையவனும் வரிசையில் நிற்பதால் அந்தக் கதவைத் தட்டாமலிருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

மறுமொழி 6: ராரிட்டன்கரை

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு எல்லா மறுமொழிகளையும் படித்தோம். எண்கணக்கன் சொன்னபடி ரட்கர்ஸின் நான்காண்டுத் தொகையைத் தாளின் தலைப்பில் எழுதினோம். அதன் கீழே பெர்க்லியையும் மிச்சிகனையும் அவளே அடித்துவிட்டாள். கொலராடோவை அடிக்கும்போது மட்டும் சற்று நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தாள். நிலவியல்சார் பொறியியல் என்ற துறை இருப்பது அவளுக்கே தெரியாதாம். மைன்ஸ் என்ற பெயரைப் பாறைகளுக்காகத்தான் எழுதினாளாம். இரவு பன்னிரண்டு மணி வரை ரேபிட் சிட்டியின் பாடத்திட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பட்டியலில் சவுத் டகோட்டா மைன்ஸ், மெய்ன், வெஸ்டர்ன் கரோலினா, மிசூரி எஸ் அண்ட் டி, அலபாமா, ரட்கர்ஸ் ஆகிய ஆறும் இருக்கின்றன. அலபாமா பெரியது என்று தயங்குகிறாள். அதற்குள் சிறந்த மாணவர்களுக்கென்று இருக்கும் ஆனர்ஸ் கல்லூரியில் சேர்ந்தால் வகுப்புகள் சிறியனவாக இருக்கும் என்று படித்தேன், அது எந்த அளவுக்கு உண்மை? மேலும், இவற்றில் எதை நேரில் சென்று பார்ப்பது? ஆறுக்கும் விமானச் சீட்டு எடுக்க இயலாது.

மறுமொழி 7: மலையடிவாரம்

ஆனர்ஸ் வகுப்புகள் சிறியனவே. ஆனால் அவை பெரும்பாலும் முதலிரண்டு ஆண்டின் பொதுப் பாடங்களில்தான் இருக்கும். சிவில் பொறியியலின் மூன்றாமாண்டுப் பாடத்துக்கு ஆனர்ஸ் பிரிவு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் நண்பர்கள் அதில் உண்மையாகவே மதித்தது பாடங்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்யும் உரிமையை. தேவையான பாடத்தில் இடம் கிடைக்காமல் ஒரு பருவம் நழுவினால் வெளிமாநிலக் கட்டணத்தில் அது எவ்வளவு என்று எண்கணக்கன் ஐயாவே சொல்வார்.

நேரில் பார்ப்பதை விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டாம். உதவித்தொகைக் கடிதங்கள் வந்த பிறகு எஞ்சும் இரண்டை மட்டும் பிப்ரவரி, மார்ச்சில் சென்று பாருங்கள். கோடையில் எல்லா வளாகமும் அழகாகத்தான் இருக்கும். மெய்னும் ரேபிட் சிட்டியும் பிப்ரவரியில் எப்படி இருக்கின்றன என்பதை அவர் உடம்பால் உணர்ந்து பார்க்கட்டும். பயணத்தையும் அப்போதே அளந்துவிடலாம்: ஓரோனோவுக்கு அருகிலேயே பேங்கர் விமான நிலையம் இருக்கிறது, வெஸ்டர்ன் கரோலினாவுக்கு ஆஷ்வில்லில் இறங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் சாலையில் போக வேண்டும். நன்றி நவிலல் விடுமுறையில் விடுதி மூடப்பட்டால் எங்கே தங்குவது என்பதையும் கேளுங்கள். சைவம் மட்டும் உண்பவர் என்றால் உணவுக்கூடத்தில் இரண்டு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். முதலாண்டில் உணவுத் திட்டம் கட்டாயமாக இருக்கும் இடங்களே அதிகம். சாப்பிட முடியாத சாப்பாட்டுக்கும் பணம் கட்டியாக வேண்டும்.

மறுமொழி 8: இரு பிள்ளைகளின் தாய்

ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். விண்ணப்பத்தின் கடைசி நாளும் உதவித்தொகைக்கான முன்னுரிமை நாளும் ஒன்றல்ல. பின்னது பல இடங்களில் நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடும். ஆகவே எஸ்ஏடியை மறுபடியும் எழுதுவதானால் ஆகஸ்டோடு முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டவணை வெளியிட்டிருக்கும் பல்கலைக்கழகங்களில் 1390க்கும் அட்டவணையின் அடுத்த படிநிலைக்கும் உள்ள இடைவெளி சில மதிப்பெண்தானா என்று இன்றே பாருங்கள். பத்து இருபது மதிப்பெண் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலராக மாறும் இடம் அதுதான். சேர்வதற்கான முன்பணம் கட்ட மே 1 வரை நேரம் உண்டு; விடுதிக்கான முன்பணத்தை மட்டும், திருப்பித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு முன்கூட்டியே கட்டிவிடுங்கள். என் மகனுக்கு அதில் தாமதமானதால் முதலாண்டு முழுவதும் வளாகத்தின் கோடியிலிருந்து வகுப்புக்கு இருபத்தைந்து நிமிடம் நடந்தான்.